கம்பளிக் குல்லா

என்னங்க,

என் ஸ்பானிஷ் படிப்பைப் பற்றி அலுவலகத்தில் பெருமையடிப்பதை முதலில் நிறுத்துங்கள். ஆய்வேட்டில் இரங்கற்பா அத்தியாயம் முடிந்ததா என்று கேட்டிருந்தீர்கள். முடிந்தது. ஸ்பானியக் கவிஞர்கள் சாவை எத்தனை விதமாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். பேராசிரியர்கூடப் பாராட்டினார்.

இன்று மருத்துவமனையில் மொழிபெயர்க்க ஆளில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஸ்பானிஷ் மட்டுமே தெரிந்த ஒரு தாய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"குழந்தையைக் காப்பாத்த முடியலன்னு பக்குவமா சொல்லுங்க" என்றார் டாக்டர்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வைத்தியம் நடக்கிறது, கவலைப்படாதீர்கள் என்றுதான் வாயில் வந்தது. பிழையில்லாத ஸ்பானிஷ்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன் டாக்டர்."

அவர் போய்விட்டார். அவள் பையிலிருந்து சின்னக் கம்பளிக் குல்லா ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள். "அவனுக்குக் காது சீக்கிரம் குளிர்ந்துடும். உள்ளே போனா போட்டுவிடும்மா" என்றாள்.

வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மாடிப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், குல்லா மடியில் இருக்கிறது. இப்போது எழுந்துபோய்ச் சொல்லியாக வேண்டும். என்னைப் பார்த்ததும் அவள் சிரிப்பாள்.

உங்கள் முகத்தில்கூட விழிக்கக் கூசும்,
உங்கள் மனைவி