ஊசி போடுகிறவளுக்குக் காய்ச்சல்

சேத்தூர்ப் பக்கத்துக் குழந்தைகளுக்கெல்லாம் தடுப்பூசி போடும் நர்ஸ் பானுப்பிரியா, நேற்றுத் தானே ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டு காய்ச்சலில் படுத்துவிட்டாள். "ஊருக்கெல்லாம் ஒண்ணும் செய்யாதுன்னு சொல்லுதவளுக்கே இப்படியா?" என்று சிரித்துவிட்டான் புருஷன் லிங்கேஸ்வரன்.

"சர்க்கரைய வச்சிக்கிட்டு ஊசின்னா ஓடுத ஆளு பேசாதீய" என்று அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதோடு பேச்சு நின்றது.

காலையில் அவன் மினிபஸ் எடுக்கக் கிளம்பியபோதும் அவள் அயர்ந்து தூங்கினாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தான், சூடு தணிந்திருந்தது. நிம்மதியாகக் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதினான்:

"பானு, குக்கர்ல கஞ்சி இருக்கு. துவையல் நான் அரைச்சது, உப்பு கூடிப்போச்சு, பொறுத்துக்கோ. காய்ச்சல் மாத்திரை தலைமாட்டுல. வீங்குன இடத்தைத் தேய்க்காத, ஈரத்துணி போடு. நீ எல்லாருக்கும் சொல்லுததுதான். குடத்தைத் தூக்கிராத. சிலிண்டர்காரன் வந்தா பக்கத்து வீட்டு அய்யம்மாக்கா வாங்கி வைக்கும், சொல்லிட்டேன். நேத்து சிரிச்சது தப்புதான்."

டம்ளருக்கு அடியில் தாளை வைத்துவிட்டு வாசல்வரை போனவன் திரும்பி வந்தான். ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினான்:

"மத்தியான டிரிப் முடிஞ்சதும் ராஜபாளையத்துல டாக்டர்கிட்ட நானும் அந்த ஃப்ளூ ஊசியப் போட்டுக்கிடுதேன். நீ கூட வந்தா கண்ணை மூட ஏலாது, கேலி பண்ணுவ. அதான் தனியாப் போறேன்."

மத்தியானம் டாக்டர் வீட்டு வாசலில் அவன் செருப்பைக் கழற்றும்போது போன் அடித்தது.

"கையத் தளர விட்டுக்கிடுங்க. அம்புட்டு வலிக்காது" என்றாள் பானு.

அவளே பேசிவிட்டாள் என்றதும் லிங்கேஸ்வரனுக்குப் பாதிப் பயம் போய்விட்டது. மீதிப் பயத்தோடு உள்ளே போய்ச் சட்டைக் கையைச் சுருட்டினான்.