பெருமாயி சொன்ன ஏழாம் வாய்ப்பாடு

வெள்ளிமலை,
5.10.87

அன்புள்ள மாமாவுக்கு,

வெந்நீர் இல்லாமல் குளிக்க மாட்டீர்களே, அங்கே என்ன செய்கிறீர்கள்?

சிறையில் கடிதத்தைப் படித்துப் பார்த்துத்தான் தருவார்களாம். அதனால் உங்களைப் பிடித்துப்போன சாலை மறியலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக் கதையை மட்டும் எழுதுகிறேன்.

மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாட்டைக் கைதட்டித் தாளத்தோடு சொல்லித் தருகிறேன். திக்குவாய்க்குப் பயந்து ஜூன் முதல் வாயே திறக்காத பெருமாயி, போன வாரம் தட்டிக்கொண்டே ஏழாம் வாய்ப்பாட்டைத் தடங்கலின்றிச் சொல்லி முடித்தாள். அவள் படிப்பை நிறுத்த வந்திருந்த அப்பா செல்லன் வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னொரு தபா சொல்லும்மா" என்றார். கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்தபடி தனியாகவே திரும்பிப் போனார்.

அன்று சாயங்காலம் பெருமாயி என்னிடம் வந்தாள். மெல்லத் தட்டிக்கொண்டே, "டீச்சர், உங்க வூட்டுக்காரரு எப்ப வருவாரு?" என்று கேட்டாள்.

"பஸ் ஓட ஆரம்பிச்சதும்" என்றேன்.

நின்றுபோன பஸ் மறுபடி மலையேறத் தொடங்கி நாலு நாளாகிறது, மாமா.

உங்கள் நினைவாகவே இருக்கும்,
உங்கள் மனைவி