அறுத்தெடுத்த மோதிரம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீயும் பாப்பாவும் மாமாவும் சுகந்தானே? எனக்கென்ன, அலுப்புத்தான், அது தினமும் உள்ளது. எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே. போன வாரம் கிடங்கின் இரும்புக் கதவு வலது கையை லேசாகக் கடித்துவிட்டது. விரல் வீங்கியதால், மாமா போட்ட கல்யாண மோதிரத்தை வெல்டர் அண்ணன் அறுத்துத்தான் எடுத்தார்.

உள்ளே பார்த்தால் அரக்கு! "தம்பி, இதுல தங்கம் வெறும் தோல்தான்பா" என்று சிரித்தார். நகைக்கடைக்காரன் மாமா தலையில் நன்றாக மிளகாய் அரைத்திருக்கிறான். மாமாவிடம் மூச்சு விடாதே. ஆசையாகப் போட்டது, மனசு உடைந்துபோவார்.

பாப்பாவுக்குத் தோடு எடுக்கும்போது நீயும் பளபளப்பில் மயங்கிவிடாதே. ஹால்மார்க் முத்திரையைப் பார். உள்ளே கெட்டியா என்று கேள். கல்லையும் தங்கத்தோடு சேர்த்து நிறுக்க விடாதே. செய்கூலி, சேதாரத்தை முதலிலேயே பேசிவிடு. பில் வாங்காமல் கடைப்படி இறங்காதே.

யாராவது இந்தப் பக்கம் வந்தால், பட்டன் போடாமல் தலைவழியாக மாட்டிக்கொள்ளும் சட்டை இரண்டு கொடுத்தனுப்பு. வேலைக்குப் போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது.

மோதிரத்தை நூலில் கட்டிக் கழுத்தில் போட்டிருக்கிறேன். அரக்காக இருந்தால் என்ன, அது இல்லாமல் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

பாப்பாவின் அப்பா