ஜெசியின் கல்யாணக் கேசட்டும் புது டிவியும்

திங்கள், ஜூன் 8

மழை. விடிந்ததிலிருந்து விடவில்லை. எங்கள் குவார்ட்டர்ஸ் இருக்கிற டெலானிபூர் மேடு ஏறுவதற்குள் ஆட்டோ இரண்டு முறை நின்றது, மடியில் டிவி. நாற்பத்து மூன்று அங்குலம்! சுவரில் மாட்டியாகிவிட்டது. அட்டைப்பெட்டி பரண்மேல். குவார்ட்டர்ஸ்காரர்கள் யாரும் பெட்டியை எறிவதில்லை, எந்தத் தீவுக்கு எப்போது மாற்றல் வருமோ.

மாலையில் கடலுக்கு அந்தப் பக்கம் ஹட் பேயிலிருந்து தங்கை ஜெசி போன். "அக்கா, சனிக்கிழம கப்பல்ல வாரேன். மக கல்யாணத்துக்குத் துணி எடுக்கணும். புது டிவியாமே, அத்தான் சொன்னாவ."

போனை வைத்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். அவளுடைய கல்யாணக் கேசட்டை இந்த டிவியில் போட்டுக் காட்டுவேன்.

இதுவரை எங்கும் எழுதாததை எழுதிவிடுகிறேன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், ஏப்ரலில் ஜெசிக்குக் கல்யாணம். ஆபீசில் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று கேசட்டை வாங்கி வந்தவள் நான். ஒரு நாள் இவர் அதிலேயே கிரிக்கெட் மாட்ச் பதிவு செய்துவிட்டார். காலிக் கேசட் என்று நினைத்தாராம். எவ்வளவு அழிந்தது என்று போட்டுப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஜெசி கேட்டபோது வாயில் வந்ததைச் சொன்னேன்: "ஜான் அண்ணன் கையில அப்பவே கொடுத்தனுப்பிட்டேனே."

ஜான் அண்ணன் எங்கள் பெரியப்பா மகன். கப்பலில் வேலை. மருந்து, கருவாடு, மிக்ஸி என்று இங்கும் ஹட் பேயிலும் இருக்கிற எங்கள் ஆட்களின் பார்சல் எல்லாம் அவர் கையில்தான் போகும், வரும். பாவம், கேட்டதற்கு "ஞாபகம் இல்லியே" என்று மட்டும் சொன்னார்.

அந்த டிசம்பரில் சுனாமி. அம்மா ஜெசி வீட்டில் இருந்தாள். அம்மாவும் போனாள், வீடும் போயிற்று, போட்டோக்களும். அப்புறம் எந்த முகத்தோடு உண்மையைச் சொல்வது? அம்மாவின் குரல் எங்காவது மிச்சம் இருந்தால் அந்தக் கேசட்டில்தான். மாட்ச் எதுவரை ஓடியதோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

இவருக்கு மாட்ச் விஷயம் தெரியும். நான் ஜெசியிடம் சொன்ன பொய் தெரியாது.

செவ்வாய், ஜூன் 9

மழை, கொஞ்சம் வெயில், மறுபடி மழை. ஆபீசில் மனம் ஓடவில்லை.

கேசட் சேலை அலமாரியில், கல்யாணப் பட்டுக்கு அடியில். இந்த ஊர் ஈரத்தில் எதை மூடிவைத்தாலும் வெள்ளையாகப் பூத்துவிடும், அதனால் அலமாரிக்குள் சின்ன பல்பு ஒன்று எப்போதும் எரியும். அதன் புண்ணியம்: டேப் சுத்தம். ஓரத்தில் மட்டும் லேசாகப் பூஞ்சை. துடைத்தேன்.

கேசட் ஓட்டுகிற பழைய டெக் கட்டிலுக்கு அடியில். உள்ளே கரப்பான் குடும்பம். இவர் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். பிளக்கைச் செருகினேன். விளக்கு எரிந்தது! கத்தியேவிட்டேன்.

கீழ்வீட்டு தாஸ் தீதி ஜன்னலிலிருந்து, என்ன ஆயிற்று என்று, "க்யா ஹுவா?"

"குச் நஹி தீதி! டெக் சாலு ஹோ கயா!" டெக் ஓடுகிறது என்றேன்.

அவ்வளவு சந்தோஷமும் டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் வரைதான். டெக்கில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று ஓட்டைகள். டிவியில் அந்த மாதிரி ஒன்றுமே இல்லை. இருப்பவை: ஹெச்.டி.எம்.ஐ. 2, யூ.எஸ்.பி. 1, ஆன்டெனா ஓட்டை 1.

இவர்: "ஒரு சின்னப் பெட்டி விக்கான். நடுவுல மாட்டுனா போதும். நாளைக்கே வாங்கிட்டு வாரேன்."

புதன், ஜூன் 10

அபர்டீன் பஜாரிலிருந்து பெட்டி வந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. மாட்டினோம். நோ சிக்னல். ஒயரை மாற்றினோம். நோ சிக்னல். இரண்டு மணி நேரம். இவர் டிவியைத் திட்டினார், நான் இவரைத் திட்டினேன்.

கடைசியில் கண்ணாடி போட்டுக்கொண்டு பெட்டிமேல் இருந்த அம்புக்குறியைப் பார்த்தேன். நேர் எதிர்ப்பக்கம் காட்டுகிறது! புதுச் சாமானைப் பழைய டிவியில் மாட்டுகிற பெட்டி. எங்களுக்கு வேண்டியது பழையதைப் புதியதில் மாட்டுவது. வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்குமாம்.

மழையில் நானே கடைக்குப் போனேன். கடைக்காரர் இல்லை என்று தலையாட்டினார். "வோ வாலா நஹி ஹை, மேடம். மெயின்லேண்ட் ஸே ஆயேகா. பந்த்ரா தின்."

மெயின்லேண்டிலிருந்து வரப் பதினைந்து நாள். எனக்கு இருப்பது மூன்று. வரும் வழியெல்லாம் அழுகை.

வியாழன், ஜூன் 11

அரை நாள் லீவு. வயிற்றுவலி என்று எழுதிக் கொடுத்தேன்.

இவர் குளியலறையிலிருந்து ஈரத் துண்டோடு ஓடி வந்தார். "பிலோ! ஆன்டெனா ஓட்டை! அப்பல்லாம் அதுலதான பாத்தோம்!"

ஆமாம்! பழைய டிவியில் மஞ்சள் ஏது, சிவப்பு ஏது? ஆன்டெனா ஒயர் ஒன்றுதான். இத்தனை புதுசிலும் அந்த ஓட்டையை விட்டுவைத்திருக்கிறானே, புண்ணியவான். பரணிலிருந்து ஒயர். தட்டை முனையை டெக்கில், மறுமுனையை டிவியில். சேனல் தேடச் சொன்னேன். டிஜிட்டலில் ஒன்றுமில்லை. அனலாக் என்று ஒன்று இருந்தது, அதை அமுக்கினேன். எண் ஏறுகிறது, ஏறுகிறது. ஒரே புள்ளி மழை. கேசட் உள்ளே சுற்றுகிறது. திடீரென்று திரை முழுக்கப் பச்சை!

இரண்டு பேரும் குதித்தோம். அப்புறம்தான் உறைத்தது. பச்சை என்றால் மைதானம். கிரிக்கெட்.

இவர் முகம் செத்துப்போயிற்று. ஓட்டினோம். பத்து நிமிஷம், மைதானம். இருபது, மைதானம். நான் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நாற்பதாவது நிமிஷத்தில் படம் நெளிந்தது, கோடு கோடாய் ஓடியது. கோயில் வாசல்! வெள்ளைச் சேலையில் ஜெசி! பக்கத்தில் மாம்பழக் கலர் சேலையில் அம்மா, யாரையோ பார்த்து விரலை ஆட்டிப் பேசிக்கொண்டிருக்கிறாள்.

இருக்கிறது. இருக்கிறது. இருக்கிறது. பந்தலும் மாப்பிள்ளை அழைப்பும் போயின, போகட்டும். பூசையிலிருந்து எல்லாம் இருக்கிறது.

ஆனால் சத்தம் இல்லை. வெறும் ‘ஸ்ஸ்’. அம்மா வாயசைக்கிறாள், காதில் ஒன்றும் விழவில்லை. உடனே நிறுத்திவிட்டேன். அம்மாவை ஊமையாகப் பார்க்க மாட்டேன்.

வெள்ளி, ஜூன் 12

கடல் சரியில்லை, காற்று. கப்பல் விடுவானா? போனில் ஜெசி: "விடுவான்னுதான் சொல்லுதான். நீ மீன் வாங்கி வை."

இவர் டிவி மெனு முழுக்க ஜெபம் போல வாசித்து முடித்தார். பலனில்லை. மூளை வேலை செய்தது எனக்குத்தான்! படம் ஆன்டெனா வழியே வரட்டும். சத்தத்தை ஏன் டிவியிடம் கேட்க வேண்டும்? டெக்கின் சிவப்பும் வெள்ளையும் சும்மாதானே கிடக்கின்றன. அக்கம்பக்கத்துக் கோயில் குடும்பங்கள் கூடுகிற அன்பியம் ஜெபக்கூட்டத்து ஸ்பீக்கர் இந்த மாதம் முறைப்படி எங்கள் வீட்டில். அதில் செருகினேன்.

வால்யூம் பார்க்க மறந்துவிட்டேன். கிரிக்கெட் வர்ணனை மேடு முழுக்க அலறியது. கீழே தாஸ் தீதி, யார் ஜெயித்தது என்று: "கௌன் ஜீதா?"

"ஹம் ஜீத் கயே, தீதி!" நாங்கள்தான் ஜெயித்தோம் என்றார் இவர்.

அம்மா வரும் இடத்துக்கு முன்னாலேயே நிறுத்தினேன். அதை ஜெசியோடுதான் கேட்பேன்.

சனி, ஜூன் 13

கப்பல் இரண்டு மணிக்குத் துறைமுகத்தில். ஜெ. இளைத்திருக்கிறாள். சாப்பாடு: சீலா மீன் குழம்பு, பொரியல், ரசம்.

முதலில் உண்மையைச் சொல்லிவிட்டுப் பிறகு போடுவதாக நாலு நாள் ஒத்திகை. எல்லாம் வீண். உட்காரவைத்துப் பொத்தானை அமுக்கிவிட்டேன்.

கோயில் வாசல். விரலை ஆட்டிக்கொண்டு அம்மா. ஸ்பீக்கரில் அம்மாவின் அதே கனத்த குரல்: "ஏ வீடியோக்காரத் தம்பி! புடிச்சது போதும்யா, வந்து சாப்புடு. சோறு ஆறுது."

ஜெ. டிவியைப் பார்க்கவில்லை. எழுந்துபோய் ஸ்பீக்கர்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நானும் அழுதேன், இவரும் அழுதார். சந்தோஷத்தில் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

பிறகு திரும்பினாள். "இது எப்படிக்கா உங்கிட்ட?"

எல்லாம் சொன்னேன். மாட்ச், பயம், பொய். அன்றைக்கே திருப்பித் தந்திருந்தால் தண்ணீரோடு போயிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"தண்ணில போயிருக்கும்னு சொல்லிராத. அம்மா எட்டு மாசமா கேட்டா. ஒருக்கா உக்காந்து பாத்துருப்பாள்லா?"

இவர் எழுந்துபோய் டெக்கை நிறுத்தினார்.

"நீ சொன்னத நம்பி ஜான் அண்ணன நான் வாசப்படி ஏத்தல. அண்ணி செத்ததுக்குக்கூட போவல. இப்பவே போன் போடு. நீயே சொல்லு."

அண்ணன் இப்போது பாராடாங் தீவில் மகள் வீட்டில். மூன்றாவது முறைதான் லைன் கிடைத்தது. ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். "கேட்டுதா அண்ணே?" என்றேன்.

"அந்த வாட்டி கையில பதினெட்டு பார்சல், பிலோ. கேசட்ட நாந்தான் எங்கயோ தொலைச்சிட்டேன்னு சாமியார்ட்ட பாவத்தச் சொல்லி பாவசங்கீர்த்தனமே பண்ணிட்டேனேம்மா."