முன்னட்டையும் பின்னட்டையும்

மார்ச் 4

அன்புள்ள பின்னட்டைக்கு,

முதலில் நல்ல செய்தி. பொதுச் சுகாதாரம் படிக்க இரண்டு இடத்திலும் கிடைத்துவிட்டது. உன் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம். அந்த ஆற்றங்கரைச் சிற்றூர்க் கல்லூரியில் இரண்டு வருடம். இரண்டிலும் உதவித்தொகை உண்டு, அதனால் அந்தக் கவலை இல்லை. ஏப்ரல் முப்பதுக்குள் ஒன்றுக்குச் சரி சொல்ல வேண்டும்.

கேட்டதும் நம் பழைய ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், "அப்போ ரெண்டு அட்டையும் போயாச்சு, நடுவுல நான் மட்டும் கிழிஞ்ச தாளா?" என்றார். நமக்கு அந்தப் பெயர் வைத்தவரே அவர்தானே. ஒரே நோயாளி நோட்டு, உனக்கு ஒரு நாள் எனக்கு ஒரு நாள் வேலை. என் கோழிக்கிறுக்கல் உனக்கு ஆகாது, உன் மை ஊறல் எனக்கு ஆகாது. அதனால் நான் முன்னட்டையிலிருந்து எழுதினேன், நீ நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்னட்டையிலிருந்து எழுதினாய். நடுவில் சந்தித்தால் புது நோட்டு. பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தோம்.

விண்ணப்பக் கட்டுரையில் அதைத்தான் எழுதினேன். தொட்டித் தெருவில் மஞ்சள் காமாலை பரவியபோது என் பக்கத்தில் பதினொரு பேர், உன் பக்கத்தில் பதிமூன்று பேர். ஒருத்தி எழுதியதை மற்றவள் புரட்டவே இல்லை. நிறைமாதமாக இருந்த தையல்காரப் பெண் இறந்த பிறகுதான் நான் நோட்டை இரண்டு பக்கமும் பார்த்தேன். மறுநாளே நாம் தெருவுக்குப் போனோம், சாக்கடைக்குள் ஓடிய தண்ணீர்க் குழாயைக் கண்டோம். நான்கு வாரம் தாமதம். ஏழு வருடமாகியும் அந்த நான்கு வாரம் என்னை விடவில்லை.

எனக்கு உன்னிடம் வரத்தான் ஆசை. ஒரு வருடம் என்றால் மகளைத் தனியாகச் சமாளித்துவிடுவாராம் என் வீட்டுக் கணக்கு வாத்தியார். இரண்டு வருடம் என்றால் பள்ளியில் நீண்ட விடுப்பெடுத்து மகளோடு கூடவே வந்துவிட வேண்டியதுதான் என்கிறார். இப்போதே தலை பின்னப் பழகுகிறார். பிள்ளை தினமும் இரண்டு காதுக்கும் இரண்டு உயரத்தில் சடையோடு போகிறாள்.

சீக்கிரம் எழுது. போனில் நாம் இருவருமே அடுத்த நோயாளியைக் கூப்பிடும் அவசரத்தில் பேசுகிறோம். தாளில்தான் நீ நிஜமாகப் பேசுவாய்.

உன்
முன்னட்டை


மார்ச் 14

அன்பு முன்னட்டை,

வாழ்த்துகள். உன்னால் முடியும் என்று எனக்கு எப்போதும் தெரியும்.

ஆனால் சொல்வதைக் கேள், நீ அந்தச் சின்ன ஊருக்கே போ. இங்கே பெயர்தான் பெரிது. காலையிலிருந்து மாலை வரை கம்ப்யூட்டரில் எண்களோடு மல்லுக்கட்ட வேண்டும். இரண்டாவது மாதத்திலேயே உனக்குத் தலைவலி வந்துவிடும். குளிர் வேறு. என் அறையில் ஒரே ஜன்னல், அதுவும் எதிர்ச்சுவரைப் பார்த்து. உன்னை எங்கே உட்கார வைப்பேன்? அங்கே என்றால் இரண்டாம் வருடம் முழுக்க நகரசபையின் தண்ணீர் அலுவலகத்திலேயே வேலை கற்றுத் தருகிறார்களாம். குடும்பமும் கூட இருக்கும். யோசிக்காமல் அதற்கே சரி சொல்லிவிடு.

வகுப்பு எடுக்க நேரமாகிவிட்டது. பேராசிரியர் இப்போது என்னையே பாடம் நடத்தச் சொல்கிறார்.

உன்
பின்னட்டை


மார்ச் 24

பின்னட்டைக்கு,

நான்கு பக்கத்துக்குக் குறைந்து எழுதாத நீ ஒரே பக்கத்தில் முடித்துவிட்டாய். உனக்கு இவ்வளவு கட்டுப்பாடு உண்டு என்று எனக்குத் தெரியாது.

ஜன்னல் இல்லாத விடுதி அறையில், ஒரே கட்டிலில் தலைமாடு கால்மாடாகப் படுத்து ஐந்து வருடம் படித்தவர்கள் நாம். இப்போது உட்கார வைக்க இடமில்லை என்கிறாய். எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். கணக்கு வாத்தியார் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "இவங்க எதையோ மென்னு முழுங்குறாங்க" என்றார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. நான் வருவது உனக்குப் பிடிக்கவில்லை என்றால் நேராகவே சொல்லிவிடு, நான் ஒன்றும் உடைந்துபோக மாட்டேன்.

இன்னொன்று. நேர்காணலில் உன் பேராசிரியர் என் கட்டுரையைப் பார்த்துவிட்டு, தெரிந்த தெருவாக இருக்கிறதே என்று சிரித்தார். நீ என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாய் என்று எனக்கு அத்தனை சந்தோஷம். அந்தச் சின்ன ஊர்க்காரர்கள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: அந்த நான்கு வாரத்தில் உங்களிடம் யாராவது சொல்லியும் நீங்கள் காதில் வாங்காமல் விட்டது என்ன? எனக்குப் பதில் தெரியவில்லை.

உன் பதில் வராவிட்டாலும் ஏப்ரல் முப்பதாம் தேதி உன் பல்கலைக்கழகத்துக்கே சரி சொல்லப் போகிறேன்.

முன்னட்டை


ஏப்ரல் 3

என் முன்னட்டைக்கு,

அந்தச் சின்ன ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் என்னிடம் இருக்கிறது. ஏழு வருடமாக வைத்திருக்கிறேன்.

முதலில் கட்டுரை. ஐந்து வருடத்துக்கு முன் இங்கே விண்ணப்பித்தபோது நானும் தொட்டித் தெருவைத்தான் எழுதினேன். அதில் நீ இல்லை. இரண்டு பக்கமாக எழுதிய நோட்டும் இல்லை. மருத்துவர் நான் ஒருத்திதான். நோயாளி ஒருத்தி தெருவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாள். அன்று மாலையே நான் தெருவுக்குப் போய்க் குழாயைக் கண்டுபிடித்தேன். அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அதற்குத்தான் இடம் கிடைத்தது. இது போதாதென்று, ஒவ்வொரு வருடமும் முதல் நாள் வகுப்பில் புது மாணவர்களுக்கு அதை அச்சடித்துக் கொடுக்கிறார்கள், மருத்துவர் எப்படிக் காது கொடுக்க வேண்டும் என்பதற்கு உதாரணமாக. இந்த வருடமும் நான்தான் கொடுக்க வேண்டும். நீ வந்தால் முதல் நாளே உன் தெருவை என் கையிலிருந்து வாங்குவாய், நீ இல்லாமல்.

இனி அந்தப் பதில். தையல்காரப் பெண் என் நாளில்தான் வந்தாள், இறப்பதற்கு மூன்று வாரம் முன்பு. வெளியே எண்பது பேர். நான் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து போகும்போது, தெருவில் எல்லோருக்கும் கண் மஞ்சளாக இருக்கிறது என்றாள். நான் நிமிரவில்லை. நல்லா ஓய்வெடு, அடுத்தவங்கள வரச்சொல்லு என்றேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும். நீ நோட்டைப் புரட்டிவிட்டு, நாம இத்தனை நாள் பார்க்கலையே என்று அழுதபோது உன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேனே, அப்போதும் சொல்லவில்லை.

கட்டுரையில் எழுதியது பொய்தான். ஆனால் எழுதும்போது, அன்று நான் நிமிர்ந்திருந்தால் நடந்திருக்கக்கூடியதை எழுதினேன். இது சமாதானம் இல்லை. உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

உன்னை உட்கார வைக்க இங்கே இடம் நிறைய இருக்கிறது.

பின்னட்டை


ஏப்ரல் 14

பின்னட்டைக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு நாள் ஆகிறது. முதல் நாள் முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். என்னை விட்டுவிட்டு எழுதியதற்குக்கூட இல்லை, ஏழு வருடம் அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிந்ததற்கு. இல்லை, இதுவும் முழு உண்மை இல்லை. என்னை விட்டுவிட்டதற்கும் சேர்த்துத்தான். வலிக்கிறது.

பழைய காகிதத்தோடு போக இருந்த அந்த நோட்டைக் கம்பவுண்டர் எடுத்துவைத்திருந்தார். கேட்டதும் தேடிக் கொடுத்தார், இப்போது என் பெட்டியில் இருக்கிறது. தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். அன்றைய வரிசையில் அவள் அறுபத்தேழாவது. 'நோயாளி சொன்னது' என்ற கட்டத்தில் நீ 'அசதி' என்று மட்டும் எழுதியிருக்கிறாய். பிறகு என் பக்கத்தையும் பார்த்தேன். பதினொரு பேருக்கும் நானும் 'அசதி', 'வாந்தி' என்றே எழுதியிருக்கிறேன். என்னிடம் ஒருவராவது தெருவைப் பற்றிச் சொல்லாமலா இருந்திருப்பார்? எனக்கு நினைவில்லை. உனக்காவது நினைவிருக்கிறது.

சின்ன ஊருக்கே சரி சொல்லிவிட்டேன். உனக்குப் பயந்து இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவர்களிடம்தான் நான் படிக்க வேண்டும். கணக்கு வாத்தியார் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டார்.

இதோடு என் கட்டுரையை வைத்திருக்கிறேன். முதல் நாள் வகுப்பில் உன்னுடையதோடு சேர்த்து இதையும் கொடு. நாம் நோட்டு எழுதியது போலவே, உன்னுடையது ஒரு பக்கத்திலிருந்து, என்னுடையது தலைகீழாக மறுபக்கத்திலிருந்து. கொடுத்தால் எனக்கு எழுது. கொடுக்க முடியாவிட்டால் எழுத வேண்டாம், நான் புரிந்துகொள்வேன்.

முன்னட்டை


செப்டம்பர் 10

அன்பு முன்னட்டை,

நேற்று கொடுத்தேன்.

நாற்பது பேர். தாளைத் திருப்பும் சத்தம் மட்டும் கேட்டது. எது நடந்தது என்று ஒரு பெண் கேட்டாள். தலைகீழாக இருப்பதுதான் நடந்தது, அதிலும் ஒன்று குறைகிறது என்று சொல்லி, அந்த ஒன்றையும் சொன்னேன். பேராசிரியர் என்னைத் தனியே கூப்பிட்டு, இனி இந்த வகுப்பை வேறொருவர் எடுப்பார் என்றார். என் இடம் என்னவாகும் என்று அடுத்த மாதம்தான் தெரியும். நியாயம்தான். ஆனால் இரண்டு கட்டுரையும் சேர்ந்த தாளையே இனி கொடுப்பார்களாம்.

மகளின் சடை இப்போது ஒரே உயரத்துக்கு வந்துவிட்டதா?

உன்னிடம் ஒரு வேலை. பெட்டியிலிருந்து நோட்டை எடு. தலைகீழாகத் திருப்பு. அறுபத்தேழாவது வரிசை, 'நோயாளி சொன்னது' கட்டம். நான் எழுதியதை அடிக்காதே. பக்கத்தில் இன்றைய தேதியும் என் பெயரும் போட்டு, உன் கோழிக்கிறுக்கலிலேயே இதை எழுதிவிடு:

"எங்க தெருவுல எல்லாருக்கும் கண்ணு மஞ்சளா இருக்கு டாக்டர்."

உன்
பின்னட்டை