தகவல் கொடுத்தவர்

2004, ஜூலை 5, திங்கள்

காற்று. காயப்போட்ட சேலை பறந்து போய் பால்காரர் வீட்டு மாட்டின் மேல். என்னைவிட மாட்டுக்குத்தான் எடுப்பாக இருந்தது.

பிரஸ்ஸில் வேலை மந்தம். ஆடி பிறந்து புது ஆல்பம் வந்தால்தான் காலண்டர் ஆர்டர். அதுவரை மூன்று நாள் படங்களுக்குத் தகர விளிம்பு அடிப்பு, நான்கு நாள் ஊர் சுற்றல். இந்த டைரியும் பிரஸ் கழிவு. பிப்ரவரி இரண்டு தடவை வருகிறது, செப்டம்பரே இல்லை. அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

இன்று நாத்தனார் பேச்சியோடு சூலக்கரை, கலெக்டர் ஆபீஸ். விதவைப் பணத்துக்கு மனு. பட்டாசு பயராபீஸில் இருபது வருஷம் வெடிக்குத் திரி வைத்தவள். மூச்சு வாங்குகிறது என்று போன தீபாவளியோடு நின்றுவிட்டாள்.

வரிசை. வெயில். எங்களுக்கு முன்னால் ஒரு ஆள் ஆட்டுக்குட்டியோடு. ஏன் என்று கேட்டேன். "வீட்டுல விட்டா களவு போயிரும்" என்றார். நியாயம்.

மனு வாங்கும் சார் கேட்டார்: "புருஷன் பேரு?"

பேச்சி என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக: "திருச்செந்தூர் சாமிக்கு எத்தன மொகம் சார்?"

"எனக்கு வேற வேலையில்லையாம்மா?"

"ஆறுமுகம் சார்" என்றேன் நான். "செத்து இம்புட்டு வருசமாச்சு, இன்னும் பேர் சொல்ல மாட்டா. சொன்னா எந்திரிச்சு வந்துருவாருன்னு பயம்."

சார் சிரித்தார். ஆனாலும் மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இறப்புச் சான்றிதழ் வேண்டுமாம். இல்லை. எடுத்து வைக்கவேண்டும் என்று யாருக்குமே தோன்றவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் பேச்சி: "பணம் கெடக்கட்டும் மதினி. அந்தக் காயிதத்துல, கொள்ளி வச்சது யாருன்னு போட்டிருப்பாகளா?"

அதுதான் அவள் தொண்டையில் நிற்கிற முள். ஆறுமுகம் குடிகாரர். ஒரு நாள் இவள் கையை முறித்துவிட்டார். என் வீட்டுக்காரர் போய் தங்கச்சியை இங்கே கூட்டிவந்து, இனி அவன் மூஞ்சியில் முழிக்கமாட்டேன் என்றார். சில வருஷம் கழித்து ஒரு நாள் வந்து சொன்னார்: "செத்துட்டானாம். எரிச்சுட்டாகளாம்." யார் எரித்தார்கள்? அதற்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை. நாய் செத்தால் அள்ளுகிற வண்டியில் புருஷனை அள்ளிப் போயிருப்பார்கள் என்று பேச்சி நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஜூலை 6, செவ்வாய்

வீ.கா.விடம் சொன்னேன் (வீட்டுக்காரர் என்று முழுதாக எழுதக் கை வலிக்கிறது). முகம் கறுத்தது. "செத்தவனத் தேடி எதுக்கு அலையுற? பணத்துக்கு வேற வழி பாப்போம்."

"வேற வழின்னா? இன்னொரு புருசன் பாக்கவா?"

லோடு ஏற்றப் போகிறேன் என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். காபி குடிக்கவில்லை. நான் குடித்தேன், இரண்டையும்.

தெரிந்தவை (எல்லாம் அன்று வீ.கா. வந்து சொன்னது):
— கார்த்திகை அமாவாசை. பேச்சி வருஷா வருஷம் காக்காய்க்குச் சோறு வைக்கிறாள்.
— திங்கள்கிழமை.
— விளக்கு வைக்கிற நேரம்.
— வருஷம்: சண்டை. எண்பதுக்கும் எண்பத்தெட்டுக்கும் நடுவில்.

பேச்சி சொல்வது, எங்கள் சின்னவனுக்கு அம்மை போட்டிருந்த வருஷம். அவனுக்கு அம்மை இரண்டு தடவை வந்தது. நான் சொல்வது, வீ.கா. இருக்கன்குடி கோயிலில் மொட்டை போட்டு வந்த வருஷம். அது எந்த வருஷம்? மண்டை நினைவிருக்கிறது, வருஷம் இல்லை.

கத்தரிக்காய் எல்லாம் புழு.

ஜூலை 7, புதன்

நம் தாலுகா ஆபீஸ். ரேஷன் கார்டு இங்கே, ஓட்டு இங்கே, அப்போது சாவும் இங்கேதானே இருக்கும் என்று போனோம்.

"எங்கன செத்தாரோ அங்கனதாம்மா பதிவு" என்றார் அங்கே இருந்தவர்.

இது புதுசு. எந்த ஊரில் மூச்சு போகிறதோ அந்த ஊர்ப் புத்தகத்தில் பேர். நான் மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போய் பந்தியில் விழுந்தால் மதுரைக்காரி ஆகிவிடுவேன்! பேச்சியிடம் சொன்னேன். "மொதல்ல பந்தியில எடம் பிடிங்க" என்றாள். அவள் சிரித்து ஒரு மாதம் இருக்கும்.

ஆறுமுகம் கடைசியாக இருந்தது காரியாபட்டி, ஒரு எண்ணெய் மில். ஆனால் வருஷம் தெரியாமல் போகக்கூடாதாம். வருஷத்துக்கு ஒரு புத்தகம், ஒவ்வொன்றையும் தேடத் தனித்தனிக் கட்டணம்.

ஜூலை 8, வியாழன்

பிடித்துவிட்டேன்!

பிரஸ் ஸ்டோர் ரூமில் வருஷத்துக்கு ஒரு தினசரிக் காலண்டர், கிழிக்காமல், மாதிரிக்கு வைத்திருப்பார்கள். பழைய ஆர்டரில் பார்ட்டி தகராறு செய்தால் எடுத்துக் காட்ட. சாவி, ஸ்டோர் பார்க்கிற காதர் அண்ணனிடம். மனுஷர் அந்த அறையைப் பெட்டி நகைபோல் காப்பார்.

"எதுக்குமா பழைய காலண்டரு? வயசக் கொறைக்கவா?"

"உங்க வயச எண்ணத்தாண்ணே. ஆள் இருக்கீகளான்னு ஊர்ல கேக்காக."

விஷயத்தைச் சொன்னதும் அவரே ஏணி போட்டு இறக்கினார். தும்மல். இருவரும் தரையில் உட்கார்ந்து, 1980லிருந்து ஒவ்வொன்றாகக் கார்த்திகையைப் புரட்டினோம். அமாவாசை ஞாயிறு. அடுத்தது வியாழன். புதன். மறுபடி ஞாயிறு. அடுத்த இரண்டும் இல்லை. 86ல் திங்கள்! டிசம்பர் 1. அதற்குப் பின் இரண்டு வருஷமும் பார்த்தோம், இல்லை. 86 மட்டும்தான்.

காதர் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, கேள்விப்பட்ட சாவுக்குக் கெழமை தெரியும், திதி தெரியும். வெளக்கு வைக்கிற நேரம் எப்படித் தெரியும்?"

நானும் யோசித்தேன். பதினெட்டு வருஷமாக யோசிக்காததை.

ஜூலை 9, வெள்ளி

வீ.கா.விடம் 86 என்றேன். "அமாவாசைய நான் தப்பாக்கூடச் சொல்லிருப்பேன்" என்றார். கேட்காமலே சொன்னார். எனக்குத் தெரிந்தே ஆகவேண்டும் என்ற அரிப்பு அதிகமாகிவிட்டது.

மின்சாரம் நான்கு மணி நேரம் இல்லை. பேச்சிக்கு மூச்சுத் திணறல், வெந்நீர் ஆவி பிடிக்க வைத்தேன். சான்றிதழ் கேட்கிற மனுவில் அவள் கைநாட்டு வாங்கிக்கொண்டேன். திங்கள் நான் மட்டும் போவதாக ஏற்பாடு.

ஜூலை 12, திங்கள்

காரியாபட்டி. இரண்டு பஸ். உட்கார இடம் இரண்டிலும் இல்லை.

ஆபீஸில் ஒரு அம்மா, கண்ணாடி, நல்ல குணம். காற்றுக்குப் பறக்காமல் ஒவ்வொரு காகிதக் கட்டின் மேலும் ஒரு கருங்கல். 86 என்று சரியாகச் சொன்னதும் ஆச்சரியப்பட்டார். "தேதியோட வாரீக! எல்லாரும் 'பெரிய மழை பெஞ்ச வருசம்'னுதான் வருவாக."

துணியில் கட்டிய புத்தகம். டிசம்பர் எடுக்கும்வரை பக்கத்தில் நின்று படித்தேன், மெதுவாக. அஞ்சாப்புப் படிப்புக்கு அந்தக் கையெழுத்து பெரிய மலை. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

சுமார் 60, காய்ச்சல். சுமார் 40, பாம்பு. வயசுக்கெல்லாம் "சுமார்". பெயரிடாத பெண் குழந்தை, 4 நாள். ஒரு அம்மாவுக்கு 52 வயசு, காரணம் "முதுமை". அப்படியென்றால் எனக்கு இன்னும் ஐந்து வருஷம்தான் பாக்கி. அந்தப் பெண் குழந்தைக்கு எழுதிய மை மட்டும் நீலம், மற்றதெல்லாம் கறுப்பு. ஏனோ தெரியவில்லை.

டிசம்பர் 3ல் பதிவு. ஆறுமுகம், ஆண், சுமார் 35, மில் கூலி. காரணம் காமாலை. டிசம்பர் 1, மாலை 6.

அந்த அம்மா விரலை ஓட்டிக்கொண்டே சத்தமாகப் படித்தார்: "தகவல் கொடுத்தவர், சுப்பையா. உறவு, மைத்துனர். யாரும்மா இது, தெரியுமா?"

வாய் அடைத்துவிட்டது. எனக்கு!

"தெரியும்."

"யாரு?"

"எங்க வீட்டுல..."

"உங்க வீட்டுல?"

"சோறு திங்கிறவரு."

பேரைச் சொல்ல நாக்கு வரவில்லை, அது பழக்கம். கண்ணில் தண்ணீர் வந்தது, அது பழக்கம் இல்லை. கீழே கையெழுத்து. கடைசி எழுத்தின் காலை வால்போல் நீட்டி இழுத்திருக்கிறார். ரேஷன் கார்டில் இருப்பது அதே வால்.

சான்றிதழ் புதன் தருவதாகச் சொன்னார். வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். சர்க்கரை போட்டார்களா என்று தெரியாது. அந்த மொட்டை இருக்கன்குடி மொட்டை இல்லை.

வந்ததும் பேச்சியிடம் "கிடைச்சிருச்சு, புதன் தருவாக" என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 13, செவ்வாய்

காலை. இட்லி.

"காரியாபட்டியில ஒங்க கையெழுத்தப் பார்த்தேன்" என்றேன். "அந்தக் காலத்துல இன்னும் அழகா எழுதியிருக்கீக."

இட்லி பாதியில் நின்றது. மறுக்கவில்லை. சட்னியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவன்தான் ஆள்கிட்டச் சொல்லி விட்டான். மேலுக்கு முடியல, பேச்சிய ஒரு தடவ கூட்டிட்டு வாங்கன்னு. நான் அவகிட்டச் சொல்லல. நானே போனேன். ஏசிட்டு வரணும், நாலு அறை விடணும்னுதான் போனேன்."

"விட்டீகளா?"

"பாயில கெடக்கான். கண்ணெல்லாம் மஞ்சளு. என்னையப் பார்த்துட்டு வாசலப் பார்த்தான். பின்னால அவ வாராளான்னு."

மூன்று நாள் கூட இருந்திருக்கிறார். கஞ்சி ஊற்றி, துடைத்து, எல்லாம். இங்கே எனக்குச் சொன்னது மதுரை லோடு.

"அப்பவாவது ஆள் அனுப்பியிருக்கலாம்ல?"

"அனுப்பியிருக்கலாம்."

அவ்வளவுதான். கொள்ளியும் இவர், மொட்டையும் இவர். அந்த மொட்டையில் ஒரு மாதம் நான் தாளம் போட்டிருக்கிறேன். தலையைக் காட்டிக்கொண்டு இருந்தார் மனுஷர்.

ஏன் மறைத்தார் என்று கேட்கத் தேவையில்லை. கொள்ளி வைத்தது நான்தான் என்று இவர் சொன்னால், பேச்சி அடுத்த கேள்வி கேட்பாள். உயிரோடு இருக்கும்போது ஏன் என்னைக் கூட்டிப் போகவில்லை?

மதியம் பருப்பு தீய்ந்தது. அதையே தின்றோம்.

ஜூலை 14, புதன்

சான்றிதழ் வாங்கிவிட்டேன். முத்திரை, பச்சை மைக் கையெழுத்து. பெயர், தேதி, இடம் எல்லாம் உண்டு. தகவல் கொடுத்தவர் இல்லை. அது புத்தகத்தில் மட்டும்தானாம்.

பஸ்ஸில் முழுக்க அதே யோசனை. நான் வாயை மூடினால் முடிந்தது. பேச்சிக்குப் பணம் வரும். அவளுக்கு இருப்பது ஒரே அண்ணன். இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள், பொழுதுபோனால் எங்கள் அடுப்பில்தான் சோறு. ஆனால் நாய் வண்டியும் அவளோடேயே இருக்கும், சாகிறவரைக்கும்.

என் வாயில் வேர்க்கடலைகூட நிற்காது. இது எப்படி நிற்கும்?

கொண்டுபோய்க் கொடுத்தேன். படிக்கத் தெரியாது, விரலால் தடவிப் பார்த்தாள். எந்த இடத்தில் அவர் பேர் என்று கேட்டாள். காட்டினேன். அங்கேயே விரலை வைத்துக்கொண்டாள்.

"கொள்ளி வச்சது யாருன்னு போட்டிருக்கா மதினி?"

"இதுல இல்ல."

பொய் இல்லை. முழு நிஜமும் இல்லை. திரும்பினால் வாசலில் வீ.கா. நிற்கிறார், கேட்டுக்கொண்டு. என்னை ஒரு பார்வை பார்த்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ராத்திரி சாப்பாடு: அவர் இல்லை, நான் கொஞ்சம்.

ஜூலை 15, வியாழன்

காற்று இல்லை, புழுக்கம். பிரஸ்ஸுக்கு லீவு சொல்லி அனுப்பினேன்.

காலையில் குளித்து, வெளுத்த சட்டை போட்டு, கண்ணாடியில் தலை சீவினார். "பொண்ணு பார்க்கவா?" என்றேன். சிரிக்கவில்லை. "நீ வராத" என்றார்.

வரவில்லை. பேச்சி வீட்டு வாசல்வரை போய் நின்றேன், முருங்கைக்கீரை உருவிக்கொண்டு. கதவு திறந்துதான் இருந்தது.

அவர் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னார். ஆள் வந்து சொன்னது, சொல்லாமல் போனது, மூன்று நாள், கொள்ளி. குரல் உயரவும் இல்லை, உடையவும் இல்லை. மூட்டைக் கணக்கு சொல்கிற குரல். சத்தம் வரப்போகிறது, தட்டு பறக்கப்போகிறது என்று நான் கீரையை விட்டுவிட்டு நின்றேன்.

நெடுநேரம் அவள் மூச்சு இழுப்பது மட்டும் கேட்டது.

"நீதான் வச்சியாண்ணே?"

"நான்தான்."

"எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டுனியா?"

"ஆமா."

மறுபடி மூச்சு. பிறகு: "என்னையக் கேட்டாரா?"

"கேட்டாரு."

"எம்புட்டுத் தடவ?"

அவர் சட்டை நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார். அவள் விடவில்லை. "எம்புட்டுத் தடவண்ணே?"

"நிறுத்தவே இல்ல தாயி."

பேச்சி எழுந்து உள்ளே போனாள். பானையில் தம்ளர் முங்குகிற சத்தம். தண்ணீரைக் கொண்டுவந்தாள். கையில் கொடுக்கவில்லை. அவர் முன்னால் தரையில் வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

அவர் எடுத்துக் குடித்தார். முழுவதும்.