ஏப்ரல் பதினான்கில் பிறந்தவர்கள்

மார்ச் 10, 2026

லாபி டிவியில் இன்றைய ஸ்லைடு: 1876இல் பெல் முதன்முதலாகத் தொலைபேசியில் பேசிய நாள். நாள் முழுக்க ஃபோன் எடுக்கிற ரிசப்ஷன்காரி நான். எனக்கு ஒரு கேக் வாங்கியிருக்கலாம்.

ஏப்ரல் பிறந்தநாள் பட்டியல் வந்தது. முதலில் தேடியது அந்தப் பெயரைத்தான். ராகேஷ், அட்மின் மேனேஜர், ஏப்ரல் 14. பிறந்தநாள்காரர் படத்தை டிவியில் அன்று பிறந்த பெரியவர் அல்லது அன்று நடந்த சம்பவம் பக்கத்தில் போட்டு, அதன் முன்னால் கேக் வெட்டுவது எங்கள் ஆபீஸ் வழக்கம். போன வருஷம் அதே நாளில் பாபாசாகேப் அம்பேத்கர் படத்தைப் போட்டேன். ராகேஷ் இறக்கச் சொன்னான். பதிலாக, அன்றுதான் டைட்டானிக் பனிப்பாறையில் மோதியதாம், அதைப் போடு என்றான். இது ஆபீஸ், உங்க ஏரியா இல்லை — எல்லார் முன்னாலும், இங்கிலீஷில். அவன் டீம் ரோஹன் வாய்விட்டுச் சிரித்தான்.

இறக்கினேன். என் கையாலேயே இறக்கினேன்.

இருடா, உனக்கு இருக்கு.

மார்ச் 27

ராகேஷுக்குக் குட் மார்னிங் சொன்னேன். ஃபோனைப் பார்த்துக்கொண்டே போனான். திமிர்.

ஏப்ரல் 13

ஸ்லைடு தயார். முழுகும் கப்பல், பக்கத்தில் அவன் முகம். தலைப்பு: "ஏப்ரல் 14 — மறக்க முடியாத விபத்துகள்." வேலை போனால் போகட்டும். வீடு இருக்கிற ஆஸ்டின் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறுவது மிச்சம். நாளைக்கு எங்கள் தெருவே பாபாசாகேப் ஊர்வலத்தில் இருக்கும். கம்பெனி லீவு தராது. நான் இவன் கேக் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பார்க்கிறேன், நன்றாகவே பார்க்கிறேன்.

ஏப்ரல் 14

கேக்குக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் அம்மா வந்தார். நீலக் கரை வைத்த வெள்ளைப் புடவை, தோளில் பாபாசாகேப் பேட்ஜ், கையில் கேசரித் தூக்கு. பெயர் சின்னத்தாயி. தங்கவயலிலிருந்து ரயிலேறி, சிலைக்கு மாலை போட்டுவிட்டு நேரே வருகிறாராம். யாரைப் பார்க்கணும் என்றேன்.

"எம்புள்ள ராகேஷ. இன்னிக்கு அவனுக்குப் பொறந்தநாளு."

தூக்கிவாரிப் போட்டது. அவரே தொடர்ந்தார்.

"நெசமா பொறந்தது ஐப்பசி மழையில. பள்ளிக்கூடத்துல தேதி கேட்டாங்க. எங்க சுரங்கத்து லைன் வீடுங்கள்ல எல்லாப் புள்ளைங்களுக்கும் பாபாசாகேப் தேதிதாம்மா குடுப்போம்."

என் அப்பா கோவிந்தப்பாவுக்கும் அதே தேதிதான். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அதே.

அடப்பாவி, நீயுமா? அப்புறம் என்னடா "உங்க ஏரியா"? முன்னைவிட ஆத்திரம் வந்தது. கப்பலை எடுத்துவிட்டேன். போன வருஷம் இறக்கிய அதே படத்தை ஏற்றி, பக்கத்தில் அவன் முகத்தை வைத்தேன். இது இன்னும் வலிக்கும் என்றுதான் வைத்தேன். வேறு நல்ல எண்ணம் எதுவும் இல்லை.

எல்லாரும் இறங்கி வந்தார்கள். ராகேஷ் டிவியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வாயைத் திறந்தான். அதற்குள் அந்தம்மா சோபாவிலிருந்து எழுந்து டிவியைக் கும்பிட்டார். மகன் பக்கம் திரும்பினார்.

"ஜெய் பீம், கண்ணு."

இப்போ இறக்கச் சொல்லு பார்க்கலாம் — மனசுக்குள் கறுவிக்கொண்டு நின்றேன். அவனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. பிறகு குனிந்து அம்மா கையிலிருந்த தூக்கை வாங்கிக்கொண்டான்.

"ஜெய் பீம்மா."

மெல்லத்தான் சொன்னான். எனக்குக் கேட்டது. ரோஹனுக்கும் கேட்டது.

என் வயிறு குளிர்ந்தது. கேசரி இரண்டு தரம் வாங்கித் தின்றேன்.

ஏப்ரல் 16

ரோஹன் என் மேஜையில் சாய்ந்துகொண்டு, ராகேஷும் உங்க ஆள்தானாமே, எந்தக் கோட்டாவில் மேனேஜர் ஆனான் என்று இப்போதான் தெரியுது என்றான். போன வருஷம் என்னைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு.

சே. இவன் சிரிக்கவா நான் அதைப் போட்டேன்? ராகேஷ் தலைகுனிய வேண்டும் என்று ஒரு வருஷமாக ஆசைப்பட்டது உண்மை. ஆனால் இந்த நாய் முன்னாலா?

உங்க பர்த்டே எப்போ என்று கேட்டேன். நவம்பர் 26 என்றான். அரசியலமைப்பு நாள்! பாபாசாகேப் தலைமையில் எழுதிய சட்டத்தை நாடு ஏற்றுக்கொண்ட நாள். நல்ல நாள் சார், கண்டிப்பா போட்டுடறேன் என்று பல்லைக் காட்டினேன். சந்தோஷமாகப் போனான்.

திரும்பினால் ராகேஷ், கையில் காபி. எவ்வளவு நேரமாக நிற்கிறான்? இந்த ஆபீஸில் முதல் தடவையாக என்னிடம் தமிழில் பேசினான்.

"பாபாசாகேப் படத்த ஃபுல் ஸ்க்ரீன்ல போடு, சங்கமித்ரா. எவனாவது எறக்கச் சொன்னா எங்கிட்ட வரச் சொல்லு."

சரி சார் என்றேன். இவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதை நவம்பருக்கு அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.